மலையுருவாய் நின்ற மாதேவன்



சிவபெருமானை எண்ணுந்தோறும் மலையும் உடன் தோன்றுவது நம் மரபு. அவன் வீற்றிருப்பது வெள்ளிமலையாகிய கயிலை. அவன் மணந்தது மலையரசன் மகளை. முப்புரம் எரித்த நாளில் அவன் வளைத்த வில் மேருமலை. மந்தரமலை மத்தாய்ச் சுழன்றபோது எழுந்த நஞ்சே அவன் திருக்கழுத்தில் கறையாய் நின்றது. மலை அவனுக்கு இல்லமாயிற்று, மாமனார் மனையாயிற்று, படைக்கலமாயிற்று. எனினும் இவை யாவற்றிலும் மலை வேறு, மாதேவன் வேறு. இவ்வேற்றுமை நீங்கி, மலையே இறைவன் என்று நம் முன்னோர் தெளிந்து கைகூப்பிய தலம் திருவண்ணாமலை. அத்தெளிவு வெறும் சொல்லளவில் நின்றதன்று. அம்மலையை எவ்வாறு அணுக வேண்டும், எங்கே கால் வைக்க வேண்டும், எங்கே வைக்கலாகாது என்று ஒரு பெரும் ஒழுக்கத்தையே அது வகுத்துத் தந்தது. அவ்வொழுக்கத்தின் வரலாற்றையே ஈண்டுச் சிறிது நினைந்து பார்ப்போம்.

அண்ணாமலை தனித்து நிற்கும் ஒரு குன்றன்று. அதன் மேற்கிலும் வடக்கிலும் பல மலைகள் உள. இந்நிலப் பகுதிக்குப் பழந்தமிழர் இட்ட பெயரே பல்குன்றக் கோட்டம் என்பது. இக்கோட்டத்தைச் செங்கண்மா என்னும் ஊரிலிருந்து ஆண்டவன் நன்னன் சேய் நன்னன். அவ்வூரே இன்றைய செங்கம். அவனைப் பெருங்கௌசிகனார் பாடிய மலைபடுகடாம் பத்துப்பாட்டின் இறுதியில் நிற்கும் நூல். 583 அடிகள் கொண்டது. பரிசில் பெற்று மீளும் கூத்தர், எதிரே வரும் கூத்தர்க்கு வழி சொல்லும் பாங்கில் அமைந்தது. மலைவழியில் எங்கெங்கு எச்சரிக்கை வேண்டும், எவ்வெவ்வொலிகள் கேட்கும் என்றெல்லாம் விரித்துச் செல்லும் அப்பாட்டு, நன்னனது நவிரம் என்னும் மலையில் நஞ்சை உணவாகக் கொண்ட கடவுள் உறைவதையும் சொல்கிறது. இன்று பருவதமலை என வழங்கும் மலையே அந்நவிரம் என்பர் அறிஞர். ஆகவே, அண்ணாமலைக்கு அருகிலேயே ஒரு மலையுச்சியில் நஞ்சுண்ட பெருமானைச் சங்க காலத்துத் தமிழர் வணங்கினர் என்பதற்கு நமக்கு இலக்கியச் சான்று உண்டு. கல்லால் கோயில் எழும்புமுன் கற்குன்றே கோயிலாய் இருந்தது என்று கொள்வதில் தடையில்லை.

இனி, அண்ணாமலையின் புராண வரலாறு நீங்கள் அறியாததன்று. அயனும் மாலும் தம்முள் யார் பெரியர் என மாறுபட்டபோது, அடியும் முடியும் காணவொண்ணாத தழற்பிழம்பாய் இறைவன் இடையே எழுந்தான், ஒருவர் பன்றியாய் அகழ்ந்தார், ஒருவர் அன்னமாய்ப் பறந்தார், இருவரும் கண்டிலர். கந்தபுராணத்தின் மாகேசுவர காண்டத்திலுள்ள அருணாசல மான்மியம் இதனை விரிக்கும். தமிழில் சைவ எல்லப்ப நாவலர் அருணாசல புராணமாகப் பாடினார். நாம் பெரும்பாலும் கதையின் முற்பாதியோடு நின்றுவிடுகிறோம். என் கருத்தில், பிற்பாதியே உள்ளம் உருக்குவது. தேவர்கள் அத்தழலின் வெம்மையைத் தாங்கமாட்டாது வேண்டினர். இறைவன் தன் ஒளியைச் சுருக்கிக்கொண்டான். கிருத யுகத்தில் நெருப்பு மலையாய் இருந்தவன், திரேதா யுகத்தில் மாணிக்க மலையானான். துவாபர யுகத்தில் பொன்மலையானான். இக்கலியுகத்தில் வெறும் கல்மலையாய் நிற்கிறான் என்பது மரபு. மலை, காலந்தோறும் தன் மதிப்பை இழந்துவந்தது என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. நெருப்பை யார் அணுக வல்லார்? மாணிக்கமும் பொன்னும் ஆயின், கலியுக மாந்தர் அவற்றை வெட்டி விற்றிருப்பர். கல்லாய் நின்றமையாலன்றோ ஆடு மேய்ப்பவனும் அதன் நிழலில் அமர முடிந்தது!

பெயரிலும் இதே நுட்பம் உண்டு. அண்ணுதல் என்றால் நெருங்குதல். அண்ணா மலை என்பது நெருங்கவியலா மலை. வடமொழியில் அருணாசலம், சோணாசலம் என வழங்கும் பெயர்கள் செந்நிறத்தைக் குறிப்பன. அசலம் என்பது அசையாதது. நெருங்கவியலாதது நெருங்கத்தக்கதாய் வந்து நின்றது. அசையாதது நம்மை அசைக்கிறது.

இம்மலை ஒரு காலத்தில் எரிமலையாய் இருந்தது, அதுவே புராணக் கதையாயிற்று என்று சிலர் மேடைகளில் பேசக் கேட்டிருப்பீர்கள். புராணத்திற்கு அறிவியலின் ஆதரவு தேடும் நல்லெண்ணமே அது. ஆயினும் எரிமலைக் குழம்பு உறைந்த பாறை இம்மலையில் காணப்படுவதாகத் தெரியவில்லை. வடதமிழகத்தின் குன்றுகள் பெரும்பாலும் நிலத்தின் ஆழத்தில் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருவாகி, பன்னெடுங்காலம் மேற்பரப்பு தேய்ந்தமையால் வெளித்தோன்றிய பழம்பாறைகள். அவற்றின் வயது நூற்றுக்கணக்கான கோடி ஆண்டுகள் என்பர் நிலவியலார். அடியையும் முடியையும் காண முடியாத பழமை என்பதற்கு அதுவே போதும், எரிமலை வேண்டுவதில்லை.

திருஞானசம்பந்தப் பெருமான் இத்தலத்திற்கு இரண்டு பதிகங்கள் அருளினார். அப்பர் பெருமான் மூன்று அருளினார். சம்பந்தர் பதிகங்களின் ஓர் அமைப்பை நாள்தோறும் ஓதுவோர் அறிவர். பெரும்பாலான பதிகங்களில் எட்டாம் பாட்டில் இராவணன் வருவான். ஒன்பதாம் பாட்டில் அயனும் மாலும் வருவர். இஃது ஏன் என்பதற்குப் பெரியோர் பல விளக்கம் கூறியுள்ளனர். அடியேனுக்குத் தோன்றுவதையும் பணிவுடன் சொல்கிறேன். எட்டாம் பாட்டிலும் மலை உண்டு. ஒன்பதாம் பாட்டிலும் மலை உண்டு. இராவணன் கயிலையைத் தன் தேர் செல்லும் வழிக்கு இடையூறு என்று கண்டான். பெயர்த்து அப்பால் வைக்க முயன்றான். அயனும் மாலும் தழல்மலையை அளந்து பார்த்துவிடலாம் என்று கருதினர். ஒருவன் மலையை அகற்ற நினைத்தவன். மற்றையோர் மலையை அளக்க நினைத்தவர். மலைமுன் மாந்தர் செய்யும் பிழைகள் இவ்விரண்டுமே. பெருமான் ஒரு விரலை ஊன்றினான், இராவணன் அலறினான். அலறியவன் சாமகானம் பாடியபின் வாளும் நாளும் பெற்றான். மலையைப் பெயர்க்க வந்தவனும் மலையடியில் கிடந்து பாடியபோது அருள்பெற்றான் என்பதை மறத்தலாகாது.

அரசர்களும் மலையைக் கருதியே கோயில் எடுத்தனர். காஞ்சியில் இராசசிம்ம பல்லவன் எழுப்பிய கோயிலுக்குக் கயிலாசநாதர் என்று பெயர். எட்டாம் நூற்றாண்டில் இராட்டிரகூட மன்னன் முதலாம் கிருட்டிணன் எல்லோராவில் ஒரு மலையையே மேலிருந்து கீழாகக் குடைந்து கயிலாசம் ஆக்கினான். அங்கே இராவணன் மலையெடுக்கும் சிற்பத்தைக் கண்டோர் எளிதில் மறவார். தஞ்சையில் முதலாம் இராசராசன் 1010-ஆம் ஆண்டில் நிறைவு செய்த பெருங்கோயிலின் விமானம் தட்சிணமேரு எனப்பட்டது. மலையில்லாத காவிரிச் சமவெளியில் சோழன் ஒரு மேருவைக் கட்டி நிறுத்தினான் என்க.

திருவண்ணாமலையில் அந்நிலை தலைகீழாயிற்று. அங்கே மலையைக் கட்ட வேண்டுவதில்லை. மலையின் அடியில் பணிந்து நிற்குமாறு கோயிலைக் கட்ட வேண்டியிருந்தது. கோயில் மலையின் கீழ்த்திசை அடிவாரத்தில் கிழக்கு நோக்கி அமைந்தது. கருவறைமுன் நிற்கும் அன்பர் மேற்கு நோக்கி நிற்கிறார். அவர் கண்முன் இலிங்கம், இலிங்கத்தின் பின் சுவர், சுவருக்கு அப்பால் மலை. சோழர் காலக் கோயில்களில் கருவறையின் மேற்குப் புறமாடத்தில் இலிங்கோற்பவர் திருவுருவை அமைப்பது வழக்கம் என்பதை இங்கே நினைவுகூர்க. மற்றைத் தலங்களில் அம்மாடம் ஒரு சிற்பம். இத்தலத்திலோ அத்திசையில் அச்சிற்பத்தின் பொருளே எழுந்து நிற்கிறது. விசயநகர வேந்தர் கிருட்டிணதேவராயர் ஆயிரங்கால் மண்டபம் எடுத்து, கீழைக் கோபுரத் திருப்பணியையும் தொடங்கினார். தஞ்சை நாயக்கர் செவ்வப்பர் அதனை நிறைவு செய்தார். பதினொரு நிலையும் 217 அடி உயரமும் உடைய அக்கோபுரம் தமிழகத்தின் பெருங்கோபுரங்களுள் ஒன்று. மலையோ 2,668 அடி. சற்றுத் தொலைவில் நின்று நோக்கின், அத்தனை பெரிய கோபுரமும் மலையின் மடியில் வைத்த விளையாட்டுப் பொருள்போலத் தோன்றும்.

போசள மன்னன் மூன்றாம் வல்லாளனைப் பற்றியும் ஒரு சொல். வடக்கிலிருந்து வந்த படைகளால் துவாரசமுத்திரம் அல்லலுற்ற காலத்தில் அவன் திருவண்ணாமலையைத் தலைநகராகக் கொண்டிருந்தான். 1342-ஆம் ஆண்டில் மதுரைச் சுல்தானோடு செய்த போரில் மாண்டான். மகப்பேறில்லாதவன் எனத் தலமரபு கூறும் அம்மன்னனுக்கு அண்ணாமலையாரே மகனாயிருந்து மாசித் திங்களில் நீர்க்கடன் செய்யும் விழா இன்றும் நடைபெறுகிறது. அரசுகள் போயின. பதினெட்டாம் நூற்றாண்டின் கருநாடகப் போர்களில் கோயில் மதிலே கோட்டையாகிப் பலமுறை கைமாறிற்று, அப்படைகளும் போயின.

மலையே இறைவன் என்றால் அதனை வழிபடுவது எவ்வாறு? ஏறுவதா? ஏறினால் இறைவன் மேனியில் கால் படுமே! இவ்வினாவிற்கு விடையாய் அமைந்ததே கிரிவலம். ஏறத்தாழ 14 கிலோமீட்டர் வட்டம், எண்டிசைக்கும் எட்டு இலிங்கங்கள், மேற்கே அடியண்ணாமலை, அதனருகே மாணிக்கவாசகப் பெருமான் திருவெம்பாவை அருளிய இடம் எனப் போற்றப்படும் சிறு கோயில். இடப்பாகம் வேண்டித் தவமிருந்த உமையம்மையே முதலில் மலையை வலம் வந்தாள் என்பது புராணம். துறைமங்கலம் சிவப்பிரகாச சுவாமிகள் பதினேழாம் நூற்றாண்டில் சோணசைலமாலையின் நூறு பாடல்களையும் மலையை வலம் வருகையிலேயே பாடினார் என்பர். காலால் நடந்தார், நாவால் தொடுத்தார். யாவற்றினும் வியப்பானது, அண்ணாமலையாரே ஆண்டில் இருமுறை, கார்த்திகைத் தீபத்தை ஒட்டி ஒருமுறையும் தைத் திங்களில் திருவூடலை ஒட்டி ஒருமுறையும், மலையை வலம் வருகிறார். உலாப் போகும் திருவுருவும் அவனே, உலாவின் நடுவே அசையாது நிற்கும் மலையும் அவனே! தன்னையே தான் வலம் வந்து காட்டினால்தான் நாம் கற்போம் என்று கருதினான் போலும்.

காலடி பற்றிய இவ்வச்சம் அண்ணாமலைக்கு மட்டும் உரியதன்று. சேக்கிழார் பெரியபுராணத்தில் இதற்கு இரு பெரும் சான்றுகள் உள. காரைக்கால் அம்மையார் கயிலையை அடைந்தபோது, அப்புனித நிலத்தைக் காலால் மிதிக்க அஞ்சித் தலையால் நடந்து ஏறினார். உமையம்மை வியந்து வினவ, நம்மைப் பேணும் அம்மை இவள் என்று பெருமான் அறிமுகம் செய்தான். அவ்வம்மையார் பின்னர்த் திருவாலங்காட்டிலும் தலையால் நடந்து சென்றார். பல ஆண்டுகள் கழிந்து அப்பக்கம் வந்த ஞானசம்பந்தர், அம்மையார் தலையால் நடந்த மண்ணைத் தாம் காலால் மிதிப்பதா என்று ஊருக்குள் புகாமல் அருகிலிருந்த ஊரில் தங்கினார். எம்மைப் பாட மறந்தாயோ என்று இறைவனே கனவில் வந்து கேட்க வேண்டியதாயிற்று. நிலம் என்பது வெறும் மண்ணன்று, அது நினைவுகளைத் தாங்குவது என்பதற்கு இதனினும் சிறந்த வரலாறு நான் கண்டதில்லை.

நம் காலத்திற்கு அணித்தே வாழ்ந்த பகவான் இரமணர் 1896-ஆம் ஆண்டில் திருவண்ணாமலைக்கு வந்தார். 1950-ஆம் ஆண்டில் உடல் நீங்கும்வரை அம்மலையை விட்டு அகலவில்லை. விரூபாட்ச குகையில் பல ஆண்டுகளும் கந்தாசிரமத்தில் சில ஆண்டுகளும் இருந்து, 1922-இல் அன்னையார் சமாதியானபின் அடிவாரத்தில் தங்கினார். மலையின் வடபுறத்தே பேராலமரம் ஒன்றின் நிழலில் அருணகிரி யோகியாய் இறைவன் அமர்ந்துள்ளான் என்று மான்மியம் கூறும். ஒருநாள் அவர் மலையில் நடந்துகொண்டிருந்தபோது மிகப் பெரிய ஆலிலை ஒன்றைக் கண்டு, அம்மரம் இருக்குமிடத்தைக் காணலாம் என்று மேலே சென்றார். வழியில் ஒரு புதரில் அவர் தொடை உராய்ந்தது; உள்ளே குளவிக்கூடு. குளவிகள் அக்காலை மட்டும் சூழ்ந்து கொட்டின. அவர் ஓடவில்லை, கையால் விரட்டவும் இல்லை. அவற்றின் வீட்டைக் கலைத்த கால் அதற்குரிய தண்டனையைப் பெறட்டும் என்று, அவை அடங்கும்வரை நின்றார். பின்னர் அம்மரத்தைத் தேடும் முயற்சியைக் கைவிட்டார். பிறர் தேடச் சென்றபோதும் தடுத்தார். அம்மலையில் அவருக்குக் குளவியும் ஓர் அண்டைவீட்டார்.

இனித் தீபத்திற்கு வருவோம். கார்த்திகைத் திங்களில் விளக்கேற்றுதல் அகநானூற்றிலேயே சொல்லப்பட்ட பழந்தமிழ் விழா. சமண முனிவராகிய திருத்தக்கதேவரும் சீவக சிந்தாமணியில் குன்றின்மேல் ஏற்றிய கார்த்திகை விளக்கை உவமையாக எடுத்தாள்கிறார். சமயம் கடந்து யாவரும் அறிந்த காட்சியாய் அஃது இருந்திருத்தல் வேண்டும். அண்ணாமலையில் விடியற்காலையில் பரணி தீபம். மாலை ஆறு மணிக்கு அர்த்தநாரீசுவரர் சில நிமிடங்களே வெளிவந்து காட்சி தருவார். அக்கணத்தில் உச்சியில் மகாதீபம் எழும். ஆளுயரக் கொப்பரை, மூவாயிரம் கிலோவுக்கும் மேற்பட்ட நெய், ஆயிரம் மீட்டர் அளவான காடாத்துணித் திரி. அதனை ஏற்றும் உரிமை வழிவழியாகப் பருவதராச குலத்தாருக்கு உரியது. மலையரசன் பெயரைத் தாங்கிய அம்மக்களே மலைமேல் தீபம் ஏற்றுவது எத்துணைப் பொருத்தம்! பதினொரு நாள் அத்தீபம் எரியும். கல்லாய்க் குளிர்ந்தவன் ஆண்டுக்கொருமுறை தன் பழைய வடிவை நினைவூட்டுகிறான்.

தீபத் திருநாளில் உச்சிவரை ஏறும் வழக்கமும் உண்டு. நெய் சுமந்து ஏறுவோர், வேண்டுதல் உடையோர் எனப் பலர் ஏறினர். இதனைக் கோயில் மரபு முற்றும் விலக்கவில்லை. ஆயினும் ஏறியதைச் சாதாரணமாகவும் கொள்ளவில்லை. இறைவன் திருமேனியை மிதித்தமைக்காகத் தீபவிழாவின் பின் பிராயச்சித்த வழிபாடு செய்து, மந்திரித்த புனித நீரை உச்சிக்கு எடுத்துச் சென்று அங்குள்ள அண்ணாமலையார் திருவடியில் தெளிக்கும் முறை உளது.

1990-ஆம் ஆண்டுகளுக்குப் பின் முழுமதி நாட்களில் வலம் வருவோர் தொகை இலட்சக்கணக்கில் பெருகிற்று. மகிழத்தக்கதே. அவர்களுக்கு நீரும் நிழலும் உணவும் வேண்டும், கடைகள் வேண்டும், தங்குமிடம் வேண்டும். நகர் மலையை நோக்கி ஏறிற்று. இதற்கு முன்னரே விறகிற்காகவும் மேய்ச்சலுக்காகவும் மலை தன் மரங்களைப் பெரிதும் இழந்து நின்றது. 1980-ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியிலிருந்து அன்பர்கள் சிலர் கன்றுகள் நட்டும், கோடையில் பரவும் காட்டுத்தீயைத் தடுக்கப் புல்வெட்டிக் கோடுகள் அமைத்தும் உழைத்து வருகின்றனர். அவர்கள் கையில் மண்வெட்டி. அடியேன் பார்வையில் அஃது உழவாரம். அப்பர் பெருமான் கோயில் முற்றத்துப் புல்லைச் செதுக்கினார். மலையே இலிங்கமாகிய தலத்தில் முற்றம் எதுவரை என்று யார் கோடு கிழிப்பது?

2024-ஆம் ஆண்டு நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறிற்று. மறுநாள் அண்ணாமலையில் கொட்டிய பெருமழையில் கீழ்ச்சரிவில் மண்ணும் பாறையும் பெயர்ந்து, அடிவாரத்து வ.உ.சி. நகரில் ஒரு வீட்டின்மேல் விழுந்தன. எழுவர் மாண்டனர், அவர்களுள் ஐவர் குழந்தைகள். மலைமேல் குடியேறியதற்கு இறைவன் அளித்த தண்டனை என்று சிலர் பேசினர். இச்சொல்லை நான் ஏற்கமாட்டேன். பிறர் இறவாமைக்காக நஞ்சைத் தான் உண்டவன், உறங்க ஒதுங்கிய குழந்தைகளைத் தண்டிப்பவன் அல்லன். நகரின் நடுவே நிலம் வாங்க இயலாத எளியோரே சரிவுகளின் அடியில் வீடு கட்டுகின்றனர். அங்கே கட்டலாகாது என்று உரிய காலத்தில் சொல்லி, வேறிடம் தந்திருக்க வேண்டியவர் பலர். வலம்வந்து மலையைத் தொழுத நாமும் கண் உயர்த்திச் சரிவை நோக்கியிருக்கலாம். மரம் நின்ற மண்ணை வேர் பிடிக்கும் என்பதும், வெற்றுச் சரிவில் நீர் வழியைத் தானே வெட்டிக்கொள்ளும் என்பதும் குன்றக் குறவர் அறிந்த செய்தி.

அவ்வாண்டு டிசம்பர் 13-ஆம் நாள் தீபத் திருநாள். நிலவியல் வல்லுநர் மலையை ஆராய்ந்தபின், பொதுமக்கள் எவரும் மலையேற இசைவளிக்கப்படவில்லை. கொப்பரையும் நெய்யும் திரியும் சுமப்போரும், தீபம் ஏற்றும் பருவதராச குலத்தாரும், உடன் செல்லும் சிலருமே ஏறினர். ஏற எண்ணி வந்தவர்க்கு வருத்தம் இருந்தது இயல்பே. ஆயினும் நினைத்துப் பாருங்கள்: உமையம்மையும் சிவப்பிரகாசரும் சுற்றி வந்து தொழுத மலையை, அவ்வாண்டு இலட்சக்கணக்கானோர் அவர்கள் நின்ற இடத்தில் நின்றே தொழுதனர். மாலை ஆறு மணிக்கு உச்சியில் சுடர் எழுந்தது. அரோகரா ஒலி வழக்கம்போல் அடிவாரத்திலிருந்துதான் எழுந்தது.

பதினொரு நாள் எரிந்து முடிந்ததும் கொப்பரையைக் கீழே கொணர்வர். அதன் அடியில் படிந்த மையை ஆருத்திரா தரிசன நாளில் நடராசப் பெருமானுக்குச் சாத்தியபின், நெய்க் காணிக்கை செலுத்தியோர்க்குச் சிறு பொட்டலமாய்ப் பிரசாதம் வழங்குவர். அதனை வீட்டிற்கு எடுத்துச் சென்று குழந்தைகள் நெற்றியில் இடுவது வழக்கம்.